மதிப்பெண்ணும் மெய்யும்

பினாங்கிலுள்ள தண்ணீர்மலைக்குத் தைப்பூச நாளில் ஒரு முறையேனும் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். மலைமேலுள்ள கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். அப்படிகளில் பால்குடம் ஏந்தியும் காவடி சுமந்தும் ஏறுகின்ற பெருங்கூட்டத்தின் நடுவே, இருபது வயதும் நிரம்பாத இளைஞரும் இளநங்கையரும் பலர் இருப்பர். அவர்களுள் மூவரை அணுகி, ‘என்ன நேர்த்திக்கடன்?’ என்று கேட்டோம். ஒருவர் தாயாரின் நோய் என்றார். மற்ற இருவரும் ‘பரீட்சை’ என்றனர். அவ்விருவரும் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயில்பவர்கள்.

நேர்த்திக்கடன் தகுமா தகாதா என்னும் வழக்கை நாம் இங்கே எழுப்பவில்லை. அதைப்பற்றிச் சீர்திருத்தப் பத்திரிகைகள் எழுதியவை ஏராளம்; படித்தவர்களும் ஏராளம்; படித்தபின் படியேறியவர்களும் ஏராளம். அன்று நம் உள்ளத்தில் எழுந்த கேள்வி வேறு. ‘இன்ன முடிவு வேண்டும்’ என்று மலையடிவாரத்தில் வேண்டிக்கொள்ளும் இவ்விளைஞர், மறுவாரம் பரிசோதனைச்சாலைக்குள் புகும்போது அவ்வேண்டுதலை வாயிலிலே விட்டுவிட்டுப் போகின்றாரா? அன்றி, அங்கேயும் ‘இன்ன எண் வேண்டும்’ என்று முன்னரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அளவுகளை எழுதுகின்றாரா? மலையில் செய்வது தம் நம்பிக்கை; அதனால் பிறர்க்குக் கேடில்லை என்று சொல்லிவிடலாம். பரிசோதனைச்சாலையில் செய்வதை அப்படிச் சொல்லிவிட முடியுமா?

தண்ணீர்மலையிலிருந்து தெற்கே சில கல் தொலைவில், குளுகோர் வட்டாரத்து மிண்டன் குன்றுகளின்மேல், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1969ஆம் ஆண்டு பினாங்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு தொடங்கிய அக்கழகம், முதலில் சேர்த்துக்கொண்டது விஞ்ஞான மாணாக்கர் 57 பேரையே. இடம் போதாமையால் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஒண்டியிருந்து, 1971இல் மிண்டனுக்குப் பெயர்ந்தது. 1972இல் இப்பொழுதுள்ள பெயரைப் பெற்றது. மிண்டன் என்பது 1759ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த ஒரு போர்க்களத்தின் பெயர். அப்பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் படைவீடுதான் பிறகு கல்விச்சாலையாயிற்று. துப்பாக்கி தூக்கியவர்கள் நடந்த இடத்தில் புத்தகம் தூக்கியவர்கள் நடப்பதைக் காட்டிலும் நல்ல மாற்றம் ஒன்று உண்டோ? பெயரிலேயே ‘அறிவியல்’ என்று எழுதிக்கொண்ட கழகம் அது. அதுபோன்ற இடங்களுக்கே நம்மவர் தம் பிள்ளைகளை அனுப்ப ஆசைப்படுகின்றனர்.

அப்பிள்ளை அங்கே வந்து சேரும் வழி எளிதன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கையும் விஞ்ஞானத்தையும் தமிழில் தொடங்குகிறாள். இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியில் தொடர்கிறாள். பல்கலைக்கழகத்தில் அவள் கையில் விழும் பெரிய நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரே ஈர்ப்பு விசையை மும்மொழியில் மும்முறை கற்றுக்கொண்டு வருகிறவள் அவள். விடுதியில் ஓர் அறை, அறைக்குள் ஒரு தோழி, பொதுவான ஒரு வெந்நீர்ப் பாத்திரம், மாதக்கடைசியில் ‘மெகி’ நூடுல்ஸ், வாரம் ஒரு முறை வீட்டுக்குத் தொலைபேசி. வீட்டிலிருந்து வரும் முதற் கேள்வி, ‘சாப்பிட்டாயா?’ என்பது, இரண்டாவது, ‘எத்தனை மார்க்கு?’ என்பது. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் இல்லை.

இவ்வளவையும் கடந்து அவள் பரிசோதனைச்சாலையில் நிற்கிறாள். முன்னே ஓர் ஊசல் தொங்குகின்றது. நூலின் நீளத்தை அளந்து, இருபது அலைவுகளுக்கு ஆகும் காலத்தைக் கணித்து, புவியீர்ப்பின் முடுக்கத்தைக் காண்பது அன்றைய வேலை. விடை 9.8 என்பது அவளுக்கு ஊசலைத் தொடுமுன்பே தெரியும். நமக்கும் அப்படியே தெரியும். விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலேயே படித்த நாம், ஊசலை எங்கே கண்டோம்? எண்ணைத்தான் முதலில் கண்டோம்.

அவளுக்கு வந்த விடையோ 10.9. சுற்றிலும் பார்க்கிறாள். பக்கத்து மேசையில் 9.8, எதிர்மேசையில் 9.79. நேரம் முடியப்போகின்றது. காலக்கணக்கில் இரண்டு விநாடியைக் கூட்டி எழுதுகிறாள். எண் இறங்கி வந்து ஒழுங்காக உட்காருகின்றது. ஏடு ஒப்புவிக்கப்படுகின்றது, மதிப்பெண் வருகின்றது. இதனை எவரும் பொய் என்று அழைப்பதில்லை. ‘சரி செய்தல்’ என்றே அழைக்கின்றனர். இஃது ஒரு நாட்டிலோ ஒரு கழகத்திலோ மட்டும் உள்ள வழக்கமன்று. பரிசோதனைச்சாலை எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் இவ்வழக்கமும் உண்டு. இதுகுறித்து மாணாக்கரைக் கேட்டால் மூன்று சமாதானங்கள் சொல்வர். அம்மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதற் சமாதானம்: ‘எல்லோரும் செய்கிறார்கள்.’ இதற்கு நீண்ட மறுமொழி வேண்டுவதில்லை. நம் நாட்டிலே தீண்டாமைக்கும், குழந்தை மணத்துக்கும், பெண்ணைப் படிக்கவைக்காமைக்கும் சொல்லப்பட்ட சமாதானமும் இதுவேயாகும். எல்லோரும் செய்த ஒன்றை ஒருவர் செய்ய மறுத்ததனாலேயே சீர்திருத்தம் என்னும் சொல் பிறந்தது.

இரண்டாவது சமாதானம் கூர்மையானது. ‘9.8 என்பது உண்மைதானே? உண்மையான எண்ணை எழுதினால் அஃது எப்படிப் பொய்யாகும்?’ என்கின்றனர். இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். உண்மையான எண்ணை எழுதியும் ஒருவர் பொய் சொல்ல முடியுமா?

முடியும் என்பதே நம் துணிபு. ஏனெனில், பரிசோதனை ஏடு ‘புவியீர்ப்பு எவ்வளவு?’ என்று கேட்கவில்லை. அதற்குரிய விடை அச்சிட்ட நூலில் நூறாண்டுகளாகக் கிடக்கின்றது. ஒரு மாணவியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தேவை உலகத்துக்கு இல்லை. ஏடு கேட்பது, ‘நீ என்ன கண்டாய்?’ என்பது. அக்கேள்விக்கு 10.9 என்பதே மெய், 9.8 என்பது பொய். சாட்சிக் கூண்டில் நிற்பவன், ‘திருடன் இன்னான்’ என்று ஊரார் சொன்னதைத் தான் கண்டதாகச் சொன்னால், அந்த இன்னான் உண்மையிலேயே திருடனாக இருந்தாலும், சாட்சி சொன்னது பொய்ச்சாட்சியே. சொன்ன செய்தி மெய்யாயிருக்கலாம். சொல்லப்பட்ட முறை பொய்யாயிற்று. ஆதலின் மெய்ம்மை என்பது எண்ணில் மட்டும் இல்லை. எண்ணுக்கும் எழுதியவர்க்கும் இடையேயுள்ள உறவிலும் இருக்கின்றது.

இதனால் அவளுக்கு வரும் நட்டம் யாது? அந்த 10.9 அவளிடம் ஒரு செய்தி சொல்ல வந்திருந்தது. ஊசலைக் கைவிட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குபவர், ‘இருபது’ என்று சொல்லும்போது உண்மையில் பத்தொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். பத்தொன்பதுக்கான காலத்தை இருபதுக்குரியதாக வைத்துக் கணக்கிட்டால் விடை ஏறக்குறைய 10.9 என்றுதான் வரும். கைவிடும்போது ‘சுழி’ என்று எண்ணியிருக்க வேண்டும். அவளுடைய எண் பைத்தியக்கார எண்ணன்று. அவள் எங்கே தவறினாள் என்பதைக் கையைப் பிடித்துக் காட்டிய எண். அதை அழித்து 9.8 என்று எழுதியவுடன், வாத்தியாரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதுபோல் ஆயிற்று. எண்ணத் தெரியாமலே அவள் தேறிவிட்டாள்.

சிறிய வேறுபாட்டைத் துடைத்தெறியாமல் காத்தவர்க்கு இயற்கை எத்தகைய பரிசு தந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ரேலி பிரபு என்பவர் நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியை நுட்பமாக நிறுத்து வந்தார். காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன், அம்மோனியா முதலிய ரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமாயிருந்தது. வேறுபாடு மிகச் சிறிய அளவே. ‘கைப்பிழை’ என்று ஒதுக்கிவிட எவருக்கும் ஆசை வரும். அவரோ 1892இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இவ்வேறுபாட்டின் காரணம் தமக்கு விளங்கவில்லை, அறிந்தவர் கூறுக என்று கேட்டார். ஒரு பிரபு, உலகறிந்த அறிஞர், தமக்கு விளங்கவில்லை என்று அச்சில் ஒப்புக்கொண்டார்! பின்னர் ராம்சே என்னும் ரசாயன அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்து, 1894இல், காற்றில் அதுவரை எவரும் அறியாத ஒரு வாயு கலந்திருப்பதைக் கண்டார். அதுவே ஆர்கான். நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கின்றது. 1904ஆம் ஆண்டு நோபெல் பரிசு, பௌதிகத்தில் ரேலிக்கும் ரசாயனத்தில் ராம்சேக்கும் கிடைத்தது. அந்தச் சிறு வேறுபாட்டைச் ‘சரி செய்து’ எழுதியிருந்தால், ஆர்கான் இன்னும் எத்தனை காலம் பெயரில்லாமல் நம் மூக்கருகே கிடந்திருக்குமோ!

இங்கேதான் மூன்றாவது சமாதானம் எழுந்து நிற்கின்றது. இது மற்ற இரண்டையும்போல எளிதில் தள்ளத்தக்கதன்று. ‘ஐயா, ரேலி பிரபுவின் கதை நன்று. ஆனால் அவர் பிரபு. அவருக்கு மதிப்பெண் போட எவரும் இல்லை. எண் பிழைத்தால் அவர் வீட்டு அடுப்பு அணையாது. எங்கள் நிலை அப்படியா?’ என்று மாணவி கேட்கிறாள்.

கேள்வி நியாயமானது. 1997ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனால் படிப்பவர் பல இலட்சம் பேர். முதல் வகுப்பில் தேறுவோர்க்குச் சில வரம்புகளுக்குட்பட்டு அக்கடனைத் திருப்பிச் செலுத்துவதினின்றும் விலக்கு உண்டு. ஆகவே, தராசின் ஒரு தட்டில் மெய். மற்றொரு தட்டில், பல்லாயிரம் வெள்ளிக் கடன், தம்பியின் படிப்பு, தந்தையின் முதுகுவலி. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவளிடம் நாலு புள்ளிக் கணக்கில் ஒரு துளி குறைவதும் துளியாகத் தோன்றாது. மெய் என்பது வயிறு நிறைந்தவர் அணியும் நகையோ என்று அவள் ஐயுற்றால், நாற்காலியில் அமர்ந்துகொண்டு நாம் அவளைக் கடிந்துகொள்ளல் தகாது.

பெரியோர் கதைகளால் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. கருமான் மகனாகப் பிறந்து புத்தகம் கட்டிப் பிழைத்த மைக்கேல் பாரடே, ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு காண முயன்று தோற்றதை 1850இல் மறையாமல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அவர் ஏழையாகப் பிறந்தவர்தாம். ஆயினும் தோல்வியை எடுத்துரைத்த காலத்தில் அவர் புகழின் உச்சியில் இருந்தார். ஆகையால் பெரியோரை விடுத்து, நம்மிடத்திலேயே நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லுகிறோம். அதில் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நாம் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். தோட்டத்தார் வழக்கப்படி, கிராணி. பேரேடுகளோடு மழைக் கணக்கும் நம் பொறுப்பு. காலைதோறும் குறித்த நேரத்தில் மழைமானியிலுள்ள நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, இத்தனை மில்லிமீட்டர் என்று பதிய வேண்டும். ஓர் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் அக்கண்ணாடி அளவை உடைந்துவிட்டது. புதியது வந்து சேர மூன்று மாதமாயிற்று. அம்மூன்று மாதமும் கட்டங்களை வெறுமையாக விட நமக்கு மனமில்லை. மேலிடத்தார் கேட்பரே என்ற அச்சம். வானத்தைப் பார்த்து, வாளியைப் பார்த்து, இருபது, முப்பத்தைந்து, பத்து என்று எழுதினோம். மாதக்கடைசியில் கூட்டிப் போட்டோம். கூட்டல் சரியாகவே இருந்தது. ‘மழையை யார் வந்து தணிக்கை செய்யப் போகிறார்கள்?’ என்று நினைத்தோம்.

சில ஆண்டுகள் கழித்து ஒருத்தி வந்தாள். அதே தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவரின் மகள். ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தில் இறுதியாண்டு பயில்பவள். மழைக்கும், தோட்டத்து ஓடைநீர் கலங்குவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து கட்டுரை ஒப்புவிக்க வேண்டும். பழைய மழைக் கணக்கு வேண்டும் என்றாள். அவள் தந்தை நம்மைக் ‘கிராணி ஐயா’ என்பார். அவள் ‘அண்ணே’ என்றாள். அந்த மாற்றத்தில் நமக்கு மகிழ்ச்சியே. ஏடுகளை எடுத்துக் கொடுத்தோம். இரண்டு நாள் அலுவலக மூலையில் அமர்ந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படியெடுத்தாள். நாம் வானத்தைப் பார்த்து எழுதிய எண்களையும் அதே பயபக்தியோடு படியெடுத்ததைக் கண்டபோது நமக்கு நெஞ்சு உறுத்தியது. ஆயினும் வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் சென்று மீண்டும் வந்தாள். ‘அண்ணே, ஒன்று கேட்கலாமா? இந்த மூன்று மாதத்தில் எல்லா எண்ணும் ஐந்திலும் சுழியிலும்தான் முடிகின்றன. மற்ற மாதங்களில் இரண்டு, மூன்று என்று தூறல் நாள்கள் நிறைய இருக்கின்றன. இதில் தூறல் நாள் ஒன்றுகூட இல்லை. ஏன்?’ என்றாள்.

மழை ஐந்து ஐந்தாகப் பெய்வதில்லை. மனிதன்தான் ஐந்து ஐந்தாக எண்ணுகிறான். நம் கைவிரல்களை அவள் அந்த ஏட்டில் கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த நொடியில் நமக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ‘அந்த ஆண்டு மழையே அப்படி’ என்று சொல்லிவிடலாம். அவள் நம்மை மறுக்கமாட்டாள், நம் வயதுக்கு மரியாதை உண்டு. அன்றி, ‘அவை அளந்தவையல்ல, தங்கச்சி, நாமே போட்டவை’ என்று சொல்லலாம், அது மேலாளர் காதுக்குப் போகும். சற்று நேரம் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவதையே சொன்னோம். அவள் முகம் வாடியது. நம்மேல் கோபத்தினால் அன்று. அம்மூன்று மாதம் போனால் அவளுடைய மழைக்காலமே பாதி போகும். ஒப்புவிக்க இரண்டு வாரமே இருந்தது. ‘அப்படியே வைத்துக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் தோழி சொல்கிறாள்’ என்றாள். அவை நாம் சில ஆண்டுகளுக்குமுன் நமக்கே சொல்லிக்கொண்ட சொற்கள். வேறொருவர் வாயில் கேட்டபோதுதான் அவற்றின் நாற்றம் தெரிந்தது.

அவள் அம்மூன்று மாதத்தையும் நீக்கினாள். நீக்கியதை மறைக்கவும் இல்லை. ‘இன்ன மாதங்களின் எண்கள் அளந்தவையல்ல என்று ஏடு எழுதியவரே கூறியதால் சேர்க்கப்படவில்லை, ஆகவே முடிவு இவ்வளவுக்கே செல்லும்’ என்று ஒரு பத்தி எழுதி, ஒப்புவிக்கும் முன் நம்மிடம் காட்டினாள். நம் பெயர் அதில் இல்லை. அவளுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று நாம் கேட்கவில்லை. கேட்டு, ‘மிகுதி’ என்று தெரிந்து, ‘மெய்க்குப் பரிசு கிடைத்தது’ என்று இங்கே எழுதினால், அதுவும் மெய்யைக் கூலிக்கு அமர்த்துவதாகும். நாம் செய்தது இவ்வளவே: அவ்வேட்டின் அப்பக்கங்களில் சிவப்பு மையால் ‘கணிப்பு, அளவு அன்று’ என்று எழுதி மேலாளரிடம் வைத்தோம். அவர் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்றாவது சமாதானத்துக்கு நாம் கண்ட விடை இரண்டு பகுதியாயுள்ளது.

ஒன்று: பொய் எண் எழுதியவரோடு நின்றுவிடுவதில்லை. எழுதும்போது நாம் மேலாளருக்கு எழுதுவதாக நினைத்தோம். உண்மையில், அப்பொழுது தோட்டப்பள்ளியில் பயின்றுகொண்டிருந்த ஒரு சிறுமிக்கு எழுதிக்கொண்டிருந்தோம். எண்ணை எழுதுகிறவர் எவரும், தாம் ஒருபோதும் காணாத ஒருவருக்கே எழுதுகிறார். அணை கட்டுபவர் மழைக்கணக்கைப் பார்ப்பார். மருந்து கொடுப்பவர் ஆய்வுக்கணக்கைப் பார்ப்பார். இன்று ஊசலில் இரண்டு விநாடி கூட்டிய கை, நாளை இரத்தப் பரிசோதனையிலும் பாலத்தின் பாரக்கணக்கிலும் அதே பழக்கத்தோடுதான் இருக்கும். அந்தப் பாலத்தின்மேல் யார் போவார்? பெரும்பாலும் ஏழைகளே போவர். ஏழைக்காகச் செய்யப்பட்ட பொய்யின் கேட்டை ஏழையே சுமக்கிறான்.

மற்றொன்று நம் இனத்தாருக்கே உரியது. நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியபோது, அவர்கள் நாள் முழுதும் சேர்த்த பாலை நிறுத்தவர் வேறொருவர், எழுதியவர் வேறொருவர். அவர்களுடைய உழைப்பு, பிறர் கையிலிருந்த தராசிலும், பிறர் எழுதிய செக்கு ரோலிலும்தான் இருந்தது. நிறுவையில் ஒரு கோடு குறைந்தாலும், பேர்போடும்போது ஒரு நாள் விடுபட்டாலும், எழுத்தறியாத அவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை. குறைத்தெழுதிய கைக்கும் தன்னளவில் ஒரு சமாதானம் இருந்திருக்கும். ‘இரண்டு ராத்தல்தானே’ என்றிருக்கும். அத்தராசின்முன் வாய்மூடி நின்றவர்களின் பேத்தி கையில் இன்று தராசு வந்திருக்கின்றது. நூற்றாண்டுக் காலம் காத்திருந்து பெற்ற அத்தராசின் முள்ளை, முதல் நாளிலேயே விரலால் அழுத்துவதா? அளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் உலகில் எவரைக் காட்டிலும் நமக்கே அக்கறை மிகுதியாக இருக்க வேண்டும். வறியவர்க்கு நிலம் இல்லை, உறவுப் பரிந்துரை இல்லை; சொன்ன சொல் நம்பப்படுவது ஒன்றே முதல். அதையும் விற்றுத் தின்றால் மிஞ்சுவது யாது?

ஆயினும், சுமையை முழுவதும் மாணவியின் தலையில் ஏற்றுவது அறமன்று. விடை நூலோடு எவ்வளவு நெருங்கியது என்று பார்த்து மதிப்பெண் தரும் முறை, பொய்க்கு விலை கொடுத்து வாங்கும் முறையே. தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு ‘வழு’, ‘வழுவமைதி’ என்னும் இரு சொற்களும் தெரியும். விதியிலிருந்து பிறழ்வது வழு. பிறழ்ந்ததற்குத் தக்க காரணம் காட்டப்படுமாயின் அது வழுவமைதி. நம் இலக்கணப் புலவர்கள் வழுவைக் கண்டு நடுங்கவில்லை; அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, காரணத்தைக் கேட்டார்கள். பரிசோதனைச்சாலைக்கு வேண்டுவதும் அதுவே. 10.9 என்று எழுதி, ‘எண்ணத் தொடங்கிய முறையில் பிழை இருந்திருக்கலாம்’ என்று காரணம் காட்டியவளுக்கு, காரணமில்லாமல் 9.8 என்று எழுதியவரைவிட மிகுதியான மதிப்பெண் தர ஆசிரியர் முன்வர வேண்டும். அளவு கண்ட நேரத்திலேயே மையால் எழுதிய ஏடு, அடித்தலும் திருத்தலுமாக இருந்தாலும், அதையே ஒப்புக்கொள்ள வேண்டும். விடை முன்னரே தெரியாத பரிசோதனை ஒன்றேனும் ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். தம் ஊர்க் கிணற்றின் உப்பு எவ்வளவு என்று எந்த நூலையும் பார்த்து எழுத முடியாது அன்றோ? இவற்றைச் செய்கின்ற ஆசிரியர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு நம் வணக்கம். அவர்கள் தொகை பெருக வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வாரம் ஒரு முறை பேசும்போது, ‘எத்தனை மார்க்கு?’ என்பதற்குமுன், ‘இந்த வாரம் என்ன கண்டாய்?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்வது உங்களுக்கு விளங்காமற் போகலாம், அதனால் கேடில்லை. தான் கண்டது என்ன என்று கேட்க வீட்டில் ஒருவர் உண்டு என்பதே அவளுக்குப் போதிய துணை.

நம்மைப் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் தோழர்களுக்கும் ஒன்று. விஞ்ஞானம் என்னும் சொல்லை உச்சரிப்பதனால் எவரும் பகுத்தறிவாளர் ஆகிவிடுவதில்லை. நூலில் உள்ள எண்ணை மாறாத வேதமாக வைத்து, கண் கண்டதை அதற்கேற்ப வளைத்து எழுதுகிறவர், பழைய கோயிலை விட்டுப் புதிய கோயிலுக்குப் போனவரே. அங்கே தேங்காய், இங்கே மதிப்பெண். பகுத்தறிவு தொடங்கும் இடம், தான் விரும்பாத எண்ணையும் தன் கையாலேயே எழுதும் இடம்.

தண்ணீர்மலை என்னும் பெயர் அங்குள்ள அருவியினால் வந்தது. முற்காலத்தில் ஜார்ஜ் டவுன் மக்கள் குடித்தது அவ்வருவியின் நீரையே. அதன் அடியில், 1884ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரைக் கண்காணிப்பாளராகக் கொண்டு தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் இருக்கின்றது. ஒரு பக்கம் வேண்டுதலுக்காகப் படியேறும் மலை. மறுபக்கம் ஒவ்வொரு செடியையும் பார்த்துப் பெயரெழுதிவைத்த தோட்டம். இரண்டின்மேலும் பெய்வது ஒரே மழை. அம்மழை நம் வேண்டுதலைக் கேட்டுக் கூடுவதுமில்லை. நம் அச்சத்தைக் கண்டு குறைவதுமில்லை. பெய்ததைப் பெய்தபடி எழுதுவது ஒன்றே நம் கையில் உள்ளது. இப்பொழுதெல்லாம் கண்ணாடி அளவை உடைந்தால், நாம் அக்கட்டத்தை வெறுமையாகவே விட்டு, ‘அளவை இல்லை’ என்று எழுதுகிறோம். அந்த வெற்றுக் கட்டத்தைக் கண்டு இதுவரை எவரும் நம்மை வேலையைவிட்டு நீக்கவில்லை.